அப்பாவின் வேனை ஓட்டியவர்

டிசம்பர் விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை. முந்தின நாளே ஹட்டனிலிருந்து பஸ்ஸில் இறங்கி, கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் படுத்து எழுந்து, காலையில் கட்டுநாயக்க விமானநிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். பாடசாலை ஆசிரியையான எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் பெண்கள். எல்லோர் கையிலும் ஒரே நிறத்தில் ஏஜென்சி பை. மஸ்கெலியாப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டாள்.

“அக்கா எந்த ஊட்டுக்குப் போறீங்க? மெடம் நல்லவங்களா?”

வேலைக்கு இல்லை, ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காக மட்டும் ஒருவர் துபாய்க்குப் போகக்கூடும் என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் பார்க்கப் போனவர் லெட்சுமணன். என் அப்பா சுடப்பட்ட மாலையில் அவருடைய வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர். முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அம்மா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “அவன் மூஞ்சியப் பாக்கவா இவ்வளவு தூரம் போற?” ஆனால் கிளம்பும்போது தேயிலைப் பொட்டலங்களைப் பையில் வைத்ததும் அம்மாதான். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்து, படித்து, அதே தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியரானவர். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. எங்கள் மலைகளில் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்து அங்கேயே புதைந்தவர்களில் எத்தனையோ பேருக்கு எந்த நாட்டின் பிரஜை என்பதற்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அடையாள அட்டை இல்லை, வாக்கு இல்லை, கடவுச்சீட்டு என்ற பேச்சே இல்லை. அப்பா பாடசாலை விட்ட பிறகு லயம் லயமாகப் போய், பிறந்த தேதியே தெரியாதவர்களை உட்காரவைத்து, எந்த மழையில், எந்தத் துரையின் காலத்தில் பிறந்தார்கள் என்று கேட்டுக்கேட்டு அவர்களுக்காக எழுதினார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகங்களில் நாள்கணக்காகக் காத்திருந்தார். பிறகு கூட்டங்கள், ஊர்வலங்கள், இரண்டு தடவை சிறை.

பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை உர மூட்டைகளுக்கு நடுவே லொறியில் ஏற்றிக்கொண்டு போக, அவள் வழியிலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அப்பா ஊரில் தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்து ஒரு பழைய வேனை வாங்கினார். அந்த வேனுக்கு அவர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். வழியில் நோயாளியோடு யார் கைகாட்டினாலும் நிறுத்த வேண்டும். லெட்சுமணன் அந்த வேனின் சாரதி. அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. எங்கள் வீட்டுத் தின்பண்ட டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று அறிந்தவர். நான் அவரை ‘லெச்சு மாமா’ என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில், தேயிலைச் சரிவின் வளைவு ஒன்றில் வேன் நின்றது. அப்பாவைச் சுட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். யார் என்பதில் இன்றுவரை மூன்று கதைகள் இருக்கின்றன. சீருடைக்காரர்கள் என்கிறது ஒன்று. ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் என்கிறது இன்னொன்று. தோட்டத்துக்குள்ளேயே அப்பாவைப் பிடிக்காதவர்கள் ஏவிவிட்டார்கள் என்பது மூன்றாவது. ஒவ்வொரு நினைவுக் கூட்டத்திலும் பேசுகிறவர் எந்தப் பக்கமோ அதற்கேற்பக் கொலையாளி மாறுவார். எல்லாக் கதைகளும் ஒத்துப்போகிற இடம் ஒன்றே ஒன்று: சாரதி காட்டிக்கொடுத்தான். ஏனென்றால் விசாரணையில் லெட்சுமணன், இஞ்சின் சூடானதால் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன் என்றார். வேனைச் சோதித்தவர்களோ அதில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, சாட்சியம் இல்லையென்று விட்டார்கள். வெளியே வந்த கொஞ்ச நாளில் அவர் நாட்டைவிட்டே போய்விட்டார். அதுவும் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஒக்டோபரில் துபாயிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். பெயர் புவனேஸ்வரி, புவனா என்று கூப்பிடுவார்கள், சத்வாவில் ஒரு தையல் கடையில் வேலை என்றாள். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. “எங்கம்மா போன மாசம் எறந்துட்டாங்க அக்கா. சாகுறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாங்க. அத நான் சொல்றது முறையில்ல, லெட்சுமணன் மாமாதான் சொல்லணும். அவரக் கண்டுபுடிச்சிட்டேன். நீங்க ஒருக்கா வாங்க.” போனிலேயே பேசச் சொல்லலாமே என்று கேட்டதற்கு, அவர் போனில் பேச மாட்டார், உங்களை நேரில் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார் என்றாள்.

மாலை நாலு மணிபோல விமானம் துபாயில் இறங்கியது. கொழும்பிலிருந்து நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். வெளியே புவனா காத்திருந்தாள். முப்பதுகளின் நடுவில் வயது, ஒல்லியான உடல், கழுத்தில் இன்னமும் அளவுநாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்து வந்துவிட்டேன் என்று வெட்கப்பட்டாள். டாக்ஸிக்கு ஐம்பத்திரண்டு திர்ஹம். நான் பணப்பையைத் திறக்க அவள் விடவில்லை.

சத்வா நான் படங்களில் கண்ட துபாய் இல்லை. உயரமான கண்ணாடிக் கட்டடங்கள் தூரத்தில் தெரிந்தாலும் தெருவில் இருப்பவை இரண்டு மாடி வீடுகள், துணிக்கடைகள், தையல் கடைகள், சலூன்கள், பிலிப்பைன்ஸ் பேக்கரி, மலையாளி ஹோட்டல். புவனாவின் அறையில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள். இரண்டு பேர் ஆந்திரா, ஒருத்தி பிலிப்பைன்ஸ். ஆளுக்கு ஒரு கட்டில், கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை. எனக்காகப் பிலிப்பைன்ஸ் பெண் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தோழியின் அறைக்குப் போகிறாள் என்று தெரிந்தபோது மிகவும் சங்கடமாயிருந்தது. “டூட்டி நைட், நோ ப்ராப்ளம்” என்று அவள் என் தோளைத் தட்டினாள். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு அந்த வாரம் பகல் டூட்டி. என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு, லெட்சுமணன் இருக்கும் ருவைஸுக்குப் புறப்பட்டோம். சத்வாவிலிருந்து மேற்கே சுமார் முந்நூற்றைம்பது கிலோமீட்டர், அபுதாபியையும் தாண்டி, சவூதி எல்லையை நோக்கிப் போகும் பாதை. பஸ்ஸில் போவதென்றால் இரண்டு தடவை மாற வேண்டும். புவனாவின் தையல் கடைக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சாகுல் பாய், வாரம் ஒருமுறை ருவைஸ் கடைகளுக்கு மசாலாச் சாமான் கொண்டுபோகிறவர். காயல்பட்டினத்துக்காரர். அவருடைய பிக்கப்பின் பின் இருக்கையில் நாங்கள் இரண்டு பேரும், எங்களுக்குப் பின்னால் மல்லித்தூள் மூட்டைகளும். லெட்சுமணன் ருவைஸில் இருப்பதைப் புவனாவுக்காகத் தேடிக் கண்டுபிடித்தவரும் இவரே. சாமான் இறக்கும் கடைகளிலெல்லாம் சிலோன் மலைநாட்டு டிரைவர் யாராவது உண்டா என்று கேட்டு வைத்திருந்தாராம்.

ஜெபல் அலியைத் தாண்டியதும் நகரம் மெல்ல நழுவியது. அபுதாபிக்கு வெளியே முசாஃபாவில் தேநீருக்கு நிறுத்தினார். பேப்பர் குவளையில் கரக், ஒன்று ஒன்றரைத் திர்ஹம். அதற்கப்பால் மணல். வெளிர் மஞ்சள், சில இடங்களில் ஏறக்குறைய வெள்ளை. பாதையோரம் நட்ட மரங்கள் ஒவ்வொன்றின் காலிலும் கறுப்புத் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. எங்கள் ஊரில் மழையை நிறுத்தத்தான் வேண்டிக்கொள்வோம். இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறார்கள்.

சாகுல் பாய்க்கு விஷயம் ஓரளவு தெரிந்திருந்தது. தாரிஃபைக் கடக்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தங்கச்சி, நான் முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன். வண்டில எது நடந்தாலும் மொதல்ல டிரைவரத்தான் கேப்பாங்க. அந்த மனுஷன் பேசி முடிக்கிற வரைக்கும் எதையும் முடிவு பண்ணிராதிய.” நான் தலையாட்டினேன். முடிவு பண்ணி எவ்வளவோ காலமாகிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

உண்மையில் நான் கொண்டுவந்தது ஒரே ஒரு கேள்வி. சுட்டவர்கள் எந்த மொழியில் பேசினார்கள்? சிங்களமா, யாழ்ப்பாணத் தமிழா, எங்கள் தோட்டத்துத் தமிழா? அது தெரிந்தால் மூன்று கதைகளில் இரண்டு செத்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளவே இவ்வளவு தூரம் வந்ததாக நினைத்திருந்தேன்.

பதினோரு மணியளவில் ருவைஸ். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சுத்திகரிப்பு ஆலையின் உருளைகளும் குழாய்களும், உயரத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு சுடர். ஊழியர் குடியிருப்பு சுத்தமாக, அமைதியாக இருந்தது. லெட்சுமணன் ஒரு ஒப்பந்தக் கம்பனியின் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார், ஆண்கள் கேம்ப்பில் தங்கியிருக்கிறார். அங்கே நாங்கள் போக முடியாது. டூட்டி முடிந்து இரண்டு மணிக்கு மலையாளி ஹோட்டல் ஒன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சாகுல் பாய் எங்களை அங்கே இறக்கி, கடைக்காரரிடம் ஏதோ சொல்லி, உள்ளே தனியாக ஒரு மேசையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மூட்டை இறக்கப் போனார்.

லெட்சுமணன் உள்ளே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழுதும் நரைத்த தலை, தேய்த்த சட்டை, குளித்த ஈரம் காதோரம். கொஞ்சம் சாய்ந்து நடந்தார். மேசைக்கருகே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“பாப்பா,” என்றார். அப்பாவும் அம்மாவும் தவிர என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நான் தயாரித்து வைத்திருந்த தோரணையெல்லாம் அந்த ஒரு சொல்லில் தடுமாறியது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதன் பிறகே உட்கார்ந்தார்.

தேநீர் வந்தது. கேட்டுவிட்டேன். சுட்டவர்கள் எந்த மொழியில் பேசினார்கள்?

“எல்லாரும் இதத்தான் கேட்டாங்க,” என்றார். “உள்ள வச்சிருந்தப்ப அடிச்சுக் கேட்டாங்க. ஒரு பக்கத்து ஆளுங்க வந்து, சிங்களம்னு சொல்லு, ஒன்னயப் பாத்துக்கிறோம்னாங்க. இன்னொரு பக்கம் வந்து, தமிழ்னு சொல்லுன்னாங்க. பேசவே இல்ல பாப்பா. மூஞ்சில துணி கட்டியிருந்தாங்க. ஒரு வார்த்த பேசல. சுட்டாங்க, செடிக்குள்ள எறங்கிப் போயிட்டாங்க.”

இவ்வளவுதானா என்று இருந்தது. மூன்று கதைகளும் அப்படியே உயிரோடிருந்தன. நான் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. அப்படியானால் வேன் ஏன் நின்றது, இஞ்சினில் கோளாறு இல்லையே என்று கேட்டேன். குரல் என்னையறியாமல் வாத்திச்சிக் குரலாகியிருந்தது.

லெட்சுமணன் புவனாவைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “சொல்லுங்க மாமா, அம்மாதான் போயிட்டாங்களே” என்றாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வளைவில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று கைகாட்டினாள். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு. மாஸ்டர், நிறுத்து லெட்சுமணா என்றார். சொல்லாவிட்டாலும் லெட்சுமணன் நிறுத்தியிருப்பார், வேனின் சட்டம் அதுதான். அவள் பின் இருக்கையில் ஏறி, கதவை மூடும் முன்பே சரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பின் இருக்கையிலிருந்த மாஸ்டர் சாய்ந்துவிட்டார். அந்தப் பெண் ஒரு கையில் குழந்தையும் மறுகையில் மாஸ்டரின் தலையுமாக, இரண்டையும் மடியில் தாங்கிக்கொண்டாள். லெட்சுமணன் ஆஸ்பத்திரியை நோக்கி வேனை விரட்டினார்.

அந்தப் பெண் காமாட்சி. குழந்தை புவனா.

ஓடுகிற வேனில் காமாட்சி அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். மாஸ்டர் வேன் இந்த வழியாகத்தான் வரும், வளைவில் போய் நில்லு என்று கடையடியில் ஒரு ஆள் சொன்னான், அதனால்தான் அங்கே நின்றேன் என்று. அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவன் குழந்தையைக் கண்டு இரக்கப்பட்டுச் சொன்னானா, வேனை நிறுத்தவைக்கச் சொன்னானா என்பதும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

“நா அத வெளிய சொல்லியிருந்தா, அவள உட்டுருப்பாங்களா பாப்பா? ஒரு பக்கம் புடிச்சி உள்ள போடும். இன்னொரு பக்கம் ஆளயே தூக்கிரும். அவ புருஷன் தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுறவன், ஒண்ணும் தெரியாதவன். அப்பயே சொன்னேன், இந்தா, நீ இந்த வேன்ல ஏறவே இல்ல, நா செத்தாலும் ஒன் பேரச் சொல்ல மாட்டேன், நீயும் யார்கிட்டயும் சொல்லாதன்னு. இஞ்சின் சூடுன்னு சொன்னா நம்பிருவாங்கன்னு நெனச்சேன். எனக்கு வேற பொய் தெரியல.”

பக்கத்து மேசையில் யாரோ பிரியாணிக்குக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் குரல்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் முப்பது வருடம் துரோகி என்று அழைத்த மனிதர், அறியாத ஒரு பெண்ணுக்காக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பாலைவனத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய தாயாரை, தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒருவரும் பக்கத்தில் நிற்க விடவில்லை. அந்தத் தாய் இறந்தபோது இவரால் போக முடியவில்லை. இதையெல்லாம் பிறகு புவனாதான் சொன்னாள்.

லெட்சுமணன் முடிக்கவில்லை. தேநீரைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

“இன்னொண்ணு இருக்கு. அதக் கேட்டப்புறம் நீங்க என்னயத் திட்டுனாலும் சரி.”

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தோட்டத்து டிஸ்பென்சரி வரும். பாதையிலிருந்து படியேறிப் போக வேண்டும். வலிப்புக்கு அங்கேயே மருந்து இருக்கிறது. மாஸ்டர் அப்போது நினைவோடிருந்தார். குழந்தையின் பெயர் என்ன என்று காமாட்சியிடம் கேட்டாராம். அவள் சொன்னாள். பிறகு, “லெட்சுமணா, புள்ளய மொதல்ல எறக்கு” என்றார். வேண்டாம் மாஸ்டர், நேரே போய்விடுவோம் என்று இவர் கெஞ்சினார். மாஸ்டர் இன்னொரு தடவை சொன்னார். இவர் படியடியில் நிறுத்தினார். காமாட்சி குழந்தையோடு படியேறி ஓடினாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டினார். கேட்டுக்குள் நுழையும்போது மாஸ்டரின் கண்கள் அசையவில்லை.

“நேரா போயிருந்தா பொழச்சிருப்பாரா?” என்று கேட்டேன்.

“தெரியல பாப்பா. ஒவ்வொரு நாளும் ஸ்டியரிங்கப் புடிக்கிறப்ப அதத்தான் நெனக்கிறேன்.”

புவனா தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். ஊசிகுத்தித் தழும்பேறிய விரல்கள். ஊரில் இருக்கும் அவளுடைய மகன் உயர்தர வகுப்பு, ஏ.எல். படிக்கிறான் என்று முதல் நாள் சொல்லியிருந்தாள். அந்தப் படியடியில் வேன் நிற்காமல் போயிருந்தால் என்பதை அப்பா கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். பிள்ளைக்கு வலிப்பு, டிஸ்பென்சரி வருகிறது, இறக்கு. அவ்வளவுதான் அவர்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அப்பா தனியாக, இருட்டும் வளைவில், மண்ணில் கிடந்து போனார், ஆஸ்பத்திரிக்கு வந்தது வெறும் உடல்தான் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அம்மா எத்தனையோ முறை அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். அவர் ஒரு பெண்ணின் மடியில் தலைவைத்து, ஒரு குழந்தையின் பெயரைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்குக் கிடைக்கும் என்று நான் ஒருபோதும் நினைத்திராத செய்தி.

“அப்பா சொன்னதத்தானே செஞ்சீங்க, மாமா,” என்றேன்.

மாமா என்ற சொல் வாயிலிருந்து தானாக வந்தது. அவர் மேசைமேல் கைகளை விரித்து வைத்து, அவற்றின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். ஹோட்டல்காரர் தூரத்திலிருந்து பார்த்தார். தண்ணீர் ஜக்கைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த நாட்டில் வட்ஸ்அப்பில் பேச முடியாது. எனவே சாதாரண அழைப்புதான், இரைச்சலோடு. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, “அம்மா, இருக்கீங்களா?” என்றேன்.

“லெட்சுமணன்கிட்ட குடு.”

அவர் இரண்டு கைகளாலும் போனை வாங்கினார். எழுந்து நின்றுகொண்டு பேசினார். ஆமாங்கம்மா, இல்லைங்கம்மா என்பதைத் தவிர அவர் பக்கத்தில் வேறு பேச்சில்லை. அம்மா என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, இன்றுவரை அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் போனைத் திருப்பித் தந்தபோது அவருக்குப் பசி வந்திருந்தது. பரோட்டாவும் மீன் குழம்பும் சொன்னார். எங்கள் தட்டுகளிலும் அவரே பரிமாறினார்.

சாகுல் பாய் நாலு மணிக்கு வந்தார். தேயிலைப் பொட்டலங்களை லெட்சுமணன் மாமாவிடம் கொடுத்தேன். ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்து, எந்தத் தோட்டத்துத் தூள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். அவருடைய மனைவி பதுளைக்காரி, இரண்டு பெண்கள், மூத்தவள் தாதியாகப் பயிற்சி பெறுகிறாள். இன்னும் கொஞ்ச காலத்தில் கம்பனி அனுப்பிவிடும், அதன் பிறகு ஊர்தான் என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. “நம்ம ஊருக்கு வாங்க” என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். பிக்கப் நின்ற பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்து, வண்டி திரும்பும் வரை நின்றார்.

திரும்பும் வழியில் மிர்ஃபாவுக்கு அருகே மஃரிப் தொழுகைக்காக நிறுத்தினார் சாகுல் பாய். நாங்கள் வெளியே நின்று வானம் சிவப்பதைப் பார்த்தோம். திரும்பி வந்தவர், “ஒங்க வாப்பாவுக்கும் ஒரு துஆ கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பெட்ரோலுக்காவது ஏதாவது கொடுக்கிறேன் என்றபோது, மல்லித்தூள் எப்படியும் ருவைஸ் போகத்தானே வேண்டும் என்று மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புவனாவுக்கு விடுமுறை. மதியம் அறைக்கு மலைநாட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். வீட்டுவேலை செய்கிறவர்கள், ஒருத்தி சலூனில், ஒருத்தி அல் குசைஸில் ஒரு அலுவலகத்தில் தேநீர் போடுகிறவள். கட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் பருப்பும் வைத்தார்கள். ஆந்திரப் பெண்கள் தங்கள் பங்குக்குக் கோங்குராத் துவையலைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாஸ்டரின் மகள் வந்திருக்கிறாள் என்று புவனா சொல்லி வரவழைத்திருந்தாள்.

வட்டவளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் கடவுச்சீட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். மாஸ்டர் எழுதிக் கொடுத்ததால்தான் என் தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, அதனால் அப்பாவுக்கு, அதனால் எனக்கு, இது இல்லாவிட்டால் நான் இங்கே வந்திருக்க முடியாது, மூன்று பிள்ளைகளும் படித்திருக்க முடியாது என்றாள். பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுவேலைக்கு வருவது அப்பா கனவு கண்ட வாழ்க்கையா என்பது எனக்கு நிச்சயமில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“வர்றதும் போறதும் எங்க விருப்பம்தானே அக்கா. எங்க தாத்தாவுக்கு அது இல்லியே.”

பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் என்னைத் திணறவைத்தன. மாஸ்டர் வீட்டில் எப்படி, அடிப்பாரா, பாட்டுப் பாடுவாரா, என்ன சாப்பிடப் பிடிக்கும்? எத்தனையோ மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டிருக்கிறேன். அவர் எப்படி இருந்தார் என்று என்னை யாரும் கேட்டதில்லை. மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. சவரம் செய்யும்போது சுருதியே இல்லாமல் பாடுவார். எனக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னி, பாடசாலையில் எல்லோரும் சிரிக்க, மறுநாளும் அவரே பின்னுவார். கருவாட்டை அம்மாவுக்குத் தெரியாமல் அடுப்பில் சுட்டுத் தின்பார். சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவைப் பற்றிப் பேசி நான் சிரித்தது எனக்கு நினைவுதெரிந்து அன்றுதான்.

திங்கட்கிழமை பகல் விமானம். புவனா அரைநாள் லீவு கேட்டு விமானநிலையத்துக்கு வந்தாள். பிரியும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கப்பாவுக்குப் பதிலாகத்தான் நான் இருக்கிறேன் என்றே எனக்குத் தோன்றுகிறது அக்கா, அம்மா சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்றாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பதிலாக யாரும் யாருக்கும் இல்லை, அப்பா உன் பெயரைத் தெரிந்துகொண்டு போனார், அது எங்களுக்குப் போதும் என்று மட்டும் சொன்னேன். நினைவுக் கூட்டத்தில் இனி எங்கம்மாவின் பெயரைச் சொல்லலாம், மறைக்க வேண்டாம் என்றாள். லெட்சுமணன் மாமாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வேன் என்றேன்.

விமானம் மேலெழும்பியபோது கீழே கடலோரம் அந்த நகரம் வெயிலில் பளபளத்தது. இனியொரு முறை இங்கே வருவேனா என்று தெரியாது. யாருடைய ஊரும் இல்லாத ஒரு ஊர் அது. எல்லோரும் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். எங்கள் மலைகளில் அப்பாவைச் சொந்தம் கொண்டாடி அடித்துக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள். தன் கட்டிலை எனக்குத் தந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும், மணலோரத்தில் அப்பாவுக்காகப் பிரார்த்தித்த காயல்பட்டினத்துக்காரருக்கும் அவர் யார் என்றே தெரியாது. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். யார் சுட்டார்கள் என்பது தெரியாமலே திரும்பினேன். அந்தக் கேள்வியை நான் கைவிடவில்லை. ஆனால் அது மட்டுமே அப்பா இல்லை என்பது இப்போது தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது புவனாவின் நம்பரை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாலையில், துபாயில் எல்லோரும் பயன்படுத்தும் ஏதோ ஒரு செயலியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் போனில் போட்டு வாங்கி, அம்மா அவளோடு பேசுகிறார். ஒரு மணி நேரம்கூடப் போகும். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லையாம். காமாட்சி எந்த மலையில் கொழுந்து எடுத்தாள், என்ன கறி வைப்பாள், கோபக்காரியா, கடைசியில் என்ன நோய், யார் பார்த்தார்கள் என்றெல்லாம்தான்.

அவ்வளவு நேரம் அப்படி என்ன பேச்சு என்று போன வாரம் கேட்டேன்.

“அவரு கடைசியா பாத்த மனுஷி அவ,” என்றார் அம்மா. “எனக்கு அவளத் தெரியாதே. இப்பத்தான் தெரிஞ்சிக்கிட்டிருக்கேன்.”